வெயிலுக்குத் தக்க வீடு: வாசகர் கேள்விகளும் பொறியாளர் பதில்களும்

சென்ற இதழில், ஓர் ஆண்டில் தான் செலவழிக்கும் மின்சாரத்தைத் தானே உற்பத்தி செய்துகொள்ளும் ‘நிகர பூஜ்ஜிய’ வீட்டைப் பற்றிப் போகிற போக்கில் நான்கு வரி எழுதியிருந்தேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றியவைதான். ஆகவே டைல்ஸ் விரிசல், செப்டிக் டேங்க் கேள்விகளுக்கெல்லாம் அடுத்த இதழில் பதில் சொல்கிறேன். இம்முறை இது மட்டும்.

*

என் மகளும் மருமகனும் இங்கிலாந்தில் பாத் நகரில் புதிதாகக் கட்டும் வீடு ஒன்றை வாங்கப் போகிறார்கள். ‘இங்கே உள்ளாட்சி மன்றமே விதி போட்டிருக்கிறது அம்மா, இனிமேல் கட்டும் வீடெல்லாம் நிகர பூஜ்ஜிய வீடுதான், கரண்ட் பில்லே வராது’ என்கிறாள். நம்பலாமா? விலையும் அதிகமாகச் சொல்கிறார்கள்.
ஓய்வுபெற்ற ஆசிரியை, திருப்பாலை

விதி உண்மைதான் அம்மா. பில்லே வராது என்பதைத்தான் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பாத் நகரமும் அதைச் சுற்றியுள்ள ஊர்களும் ‘பாத் அண்டு நார்த் ஈஸ்ட் சாமர்செட்’ என்ற மன்றத்தின் கீழ் வருகின்றன. அந்த மன்றம் 2023 ஜனவரியில் தன் திட்ட விதிகளைத் திருத்தியது. புதிய வீட்டுக்கு அனுமதி கேட்டு வருபவர் மூன்று கணக்குகளைக் காட்ட வேண்டும். குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்க, ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 30 யூனிட்டுக்கு மேல் தேவைப்படக்கூடாது. சமையல், வெந்நீர், விளக்கு, டிவி, துணி துவைக்கும் இயந்திரம் எல்லாம் சேர்ந்த மொத்தச் செலவு சதுர மீட்டருக்கு 40 யூனிட்டைத் தாண்டக்கூடாது. அந்த மொத்தச் செலவுக்கு ஈடான மின்சாரத்தை அந்த இடத்திலேயே, பெரும்பாலும் கூரைமேல் சோலார் பேனல் வைத்து, உற்பத்தி செய்ய வேண்டும். கார்ன்வால் மன்றமும் அதே ஆண்டில் இதே அளவுகளை விதித்தது. சென்ட்ரல் லிங்கன்ஷையர் இன்னும் இறுக்கிப் பிடித்து மொத்தச் செலவை 35 யூனிட் என்று வைத்தது.

இந்த விதியில் எனக்குப் பிடித்தது அதன் வரிசை. முதலில் தேவையைக் குறை, பிறகு குறைந்த தேவைக்கு உற்பத்தி செய். சுவரும் கூரையும் ஜன்னலும் சரியில்லாத வீட்டின் மேல் பேனலை அடுக்கி ‘பூஜ்ஜியம்’ என்று பெயர் வாங்கிவிட முடியாது. முதல் இரண்டு எண்களும் அந்த வழியை அடைத்துவிடுகின்றன.

இனி பில் விஷயம். பூஜ்ஜியம் என்பது ஆண்டு முழுமைக்குமான கணக்கு. ஜூன் மாதத்தில் அங்கே சூரியன் இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் மறைகிறது. உற்பத்தி மிஞ்சும், மிஞ்சியது கம்பி வழியே வெளியே போகும். டிசம்பரில் நான்கு மணிக்கே இருட்டிவிடும். வீட்டைச் சூடாக்கும் தேவையும் அப்போதுதான் அதிகம். அந்த மின்சாரத்தை வெளியிலிருந்து விலைக்கு வாங்க வேண்டும். பொதுவாக விற்கும் விலையைவிட வாங்கும் விலை அதிகம். அதற்கு மேல் இணைப்புக்கான தினசரி நிலைக்கட்டணமும் உண்டு. எனவே பில் வரும். பக்கத்துப் பழைய வீட்டுக்கு வருவதைவிட மிகக் குறைவாக வரும்.

மகளிடம் சில கேள்விகளைக் கேட்கச் சொல்லுங்கள். அனுமதிக்காக மன்றத்தில் கொடுத்த எரிசக்தி அறிக்கையின் நகல் கிடைக்குமா? கட்டி முடித்தபின் காற்றுக்கசிவுச் சோதனை செய்தார்களா, அதன் எண் என்ன? பேனல் எத்தனை கிலோவாட், அது வீட்டுக்காரருக்குச் சொந்தமா, இல்லை வேறு நிறுவனத்தினுடையதா? இவற்றுக்குத் தாளில் பதில் கொடுக்கும் விற்பனையாளர் என்றால், கூடுதல் விலை கொடுப்பதில் தவறில்லை. வாய்வார்த்தையாகச் சொல்பவர் என்றால் விலையைப் பேசிக் குறைக்கட்டும்.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. பாத் ரோமானியர் காலக் குளியல் மண்டபம் உள்ள ஊர். 1987 முதல் நகரமே யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. தேன் நிறக் கல்லில் கட்டிய பழைய தெருக்களைக் காப்பாற்றிக்கொண்டே புது வீட்டுக்கு இப்படியொரு விதியை அந்த ஊர் கொண்டுவந்திருக்கிறது. ‘பழமையான ஊரில் இதெல்லாம் சரிப்படாது’ என்று மதுரையில் என்னிடம் சொல்பவர்களுக்கு இதைத்தான் எடுத்துச் சொல்கிறேன்.

*

அரசாங்கம் போட்ட விதியைவிடக் கடுமையான விதியை ஓர் உள்ளாட்சி போட முடியுமா? எங்கள் ஊராட்சியில் பேசிப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.
வார்டு உறுப்பினர், அலங்காநல்லூர் அருகே

இங்கிலாந்தில் இந்தக் கேள்வியில் இருபது ஆண்டு இழுபறியே இருக்கிறது ஐயா.

லண்டனில் மெர்ட்டன் என்றொரு பகுதி. 2003-ல் அந்த மன்றம், ஆயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதிய வணிகக் கட்டடங்கள் தங்கள் எரிசக்தித் தேவையில் பத்து சதவீதத்தையாவது அந்த இடத்திலேயே சூரியன், காற்று போன்றவற்றிலிருந்து பெற வேண்டும் என்று விதித்தது. பிற மன்றங்கள் பின்பற்றின. 2008-ல் நாடாளுமன்றமே திட்டமிடல் மற்றும் எரிசக்திச் சட்டம் இயற்றி, இப்படி விதிக்கும் அதிகாரத்தை மன்றங்களுக்கு எழுதிக் கொடுத்தது. இதற்கிடையில் 2006-ல், 2016 முதல் கட்டும் எல்லாப் புது வீடுகளும் கரியற்ற வீடுகளாக, அதாவது கரியமில வாயுக் கணக்கு பூஜ்ஜியமாக, இருக்க வேண்டும் என்று அரசு அறிவித்தது. கட்டுமானக்காரர்கள் தயாரானார்கள். ஆட்சி மாறியது, கெடுவுக்கு ஆறே மாதம் இருந்தபோது, 2015 ஜூலையில், திட்டத்தைக் கைவிட்டார்கள். தயாரானவர்கள் ஏமாந்தார்கள், தயாராகாதவர்கள் தப்பித்தார்கள். ஓர் அரசு செய்யக்கூடிய கெடுதல்களில் இது பெரிது என்பது என் உறுதியான எண்ணம். அடுத்த முறை விதி வரும்போது யாரும் நம்ப மாட்டார்கள் அல்லவா?

பிறகுதான் மன்றங்கள் தாமாகவே இறங்கின. ஆக்ஸ்போர்டு அருகே சால்ட் கிராஸ் என்ற இடத்தில் ஏறத்தாழ 2,200 வீடுகளுடன் ஒரு புது ஊர் அமைக்கத் திட்டம். வெஸ்ட் ஆக்ஸ்போர்டுஷையர் மன்றம் நிகர பூஜ்ஜிய விதி எழுதியது. அதை ஆய்வு செய்த மத்திய அதிகாரிகள் 2023-ல் தேசியக் கொள்கைக்கு ஒத்துவரவில்லை என்று நீர்த்துப்போகச் செய்தார்கள். குடிமக்கள் அமைப்பு ஒன்று வழக்குத் தொடுத்தது. 2024 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம், அதிகாரிகள் கொள்கையைத் தவறாகப் புரிந்துகொண்டார்கள் என்று தீர்ப்பளித்தது. ஆனால் அதற்கு முன்பே, 2023 டிசம்பரில், அமைச்சர் ஒரு புதிய அறிக்கை வெளியிட்டுவிட்டார். தேசிய அளவுகோலைத் தாண்டும் எந்த உள்ளூர் விதிக்கும் தக்க காரணமும் செலவுக் கணக்கும் வேண்டும், அரசு சொல்லும் கணக்கு முறையில்தான் அதை எழுத வேண்டும் என்றது அந்த அறிக்கை. உள்ளாட்சி ஓரடி முன்னே போனால் மேலிருந்து ஒரு கை பிடித்து இழுப்பது அங்கேயும் உண்டு.

நம் ஊரில் நிலைமை வேறு. கட்டட விதிகளை மாநில அரசுதான் எழுதுகிறது. 2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் மாநகராட்சி முதல் ஊராட்சி வரை பொருந்தும். நீங்களாக ஒரு கூடுதல் நிபந்தனையை வரைபட அனுமதியில் சேர்க்க முடியாது. ஆனால் ஊராட்சியின் சொந்தக் கட்டடங்கள் உங்கள் கையில் இருக்கின்றன. அடுத்து எந்த அங்கன்வாடி, நூலகம், ஊராட்சி அலுவலகத்துக்கு மதிப்பீடு போட்டாலும் கூரைக்கு வெப்பத்தடுப்பு அடுக்கு கட்டாயம் என்று தீர்மானம் போடுங்கள். மே மாதம் அங்கன்வாடிக்குள் பிள்ளைகள் தூங்குவதைப் பார்த்த தாய்மார்களே மீதியை உங்களுக்காகப் பேசுவார்கள். கிராம சபையில் அதைப் பதிவு செய்து மேலே அனுப்புங்கள்.

*

விளாங்குடியில் மூன்று சென்ட் இடத்தில் வீடு கட்டத் தொடங்குகிறேன். நம் நாட்டிலும் இதுபோல் விதி உண்டா? இல்லாவிட்டாலும் நான் அப்படிக் கட்ட விரும்புகிறேன். சோலார் போட்டுவிட்டால் போதும் என்கிறார் மேஸ்திரி.
தனியார் நிறுவன ஊழியர், விளாங்குடி

தம்பி, விரும்பிக் கேட்டதற்கே முதலில் நன்றி. மேஸ்திரியை நான் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு யாரும் வேறு மாதிரி சொல்லித் தந்ததில்லை.

விதி உண்டு, ஆனால் உங்களைத் தொடாது. மத்திய எரிசக்தித் திறன் செயலகம் 2018 டிசம்பரில் ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’ என்ற குடியிருப்புக் கட்டட நெறியை வெளியிட்டது. அது 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளுக்கானது. நம் கணக்கில் பன்னிரண்டு சென்டுக்கு மேல். அதுவும் மாநிலங்கள் ஏற்று அறிவிக்கும்போதுதான் கட்டாயம். 2022-ல் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தைத் திருத்திப் பெரிய குடியிருப்புகளையும் உள்ளே கொண்டுவந்தார்கள். அது 100 கிலோவாட்டும் அதற்கு மேலும் இணைப்புச் சுமை உள்ள கட்டடங்களைப் பற்றியது. மூன்று சென்ட் வீடுகள்தான் விளாங்குடியிலும் ஆனையூரிலும் அவனியாபுரத்திலும் வரிசை வரிசையாக எழும்புகின்றன. அவற்றை எந்த விதியும் கேட்பதில்லை.

ஆனாலும் அந்த நெறியில் உள்ள எண்கள் உங்களுக்கு உதவும். கூரை வழியாக வெப்பம் கடக்கும் அளவுக்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள்: ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு 1.2 வாட். நாம் போடும் ஐந்தங்குலக் கான்கிரீட் தளம் வெறுமனே விடப்பட்டால் இதைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேலாகக் கடத்தும். மதுரை வீட்டின் பிரச்சினை முழுவதும் இந்த ஓர் எண்ணில் இருக்கிறது. இங்கிலாந்து வீடு உள்ளே இருக்கும் சூட்டை வெளியே விடாமல் காக்க வேண்டும், நம் வீடு வெளியே இருக்கும் சூட்டை உள்ளே விடாமல் காக்க வேண்டும்.

சென்ற ஆண்டு அக்னி நட்சத்திரத்தின்போது ஆனையூரில் ஒரு வீட்டு மொட்டை மாடியில் வெப்பமானியோடு நின்றேன். வீட்டுக்காரர் பாதி மாடிக்கு வெள்ளை பூசிவிட்டு, பெயின்ட் தீர்ந்துபோனதால் மறுபாதியை அப்படியே விட்டிருந்தார். பிற்பகல் இரண்டு மணிக்கு வெறும் சிமென்ட் தரை 61 டிகிரி காட்டியது. இரண்டடி தள்ளி, வெள்ளைப் பக்கம் 46. வெறுங்காலோடு ஒரு பக்கம் நிற்கவே முடியவில்லை, மறுபக்கம் நிற்க முடிந்தது. மாலை ஐந்துக்கு கீழே இறங்கி, இரண்டு படுக்கையறைகளின் மேற்கூரையை அளந்தேன்: ஒன்று 42, மற்றது 36. அந்த வீட்டுப் பாட்டி எந்த அறையில் பாய் விரித்திருந்தார் என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை.

தளத்தின் சூடு மாலையில்தான் கீழே வந்து சேரும். இரவு ஒன்பது மணிக்கு ஃபேனைப் போட்டால் சுடுகாற்று இறங்குவது அதனால்தான். அதைச் சமாளிக்க ஏ.சி. வாங்குகிறோம், ஏ.சி. பில்லைச் சமாளிக்கச் சோலார் வாங்குகிறோம். கூரையில் செலவழித்திருக்க வேண்டிய பணத்தை இரண்டு முறை வேறு இடத்தில் செலவழிக்கிறோம்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். தளம் போட்டு நீர்க்காப்புப் பூச்சு முடிந்ததும், அதன்மேல் எக்ஸ்.பி.எஸ். போர்டு (வெப்பம் கடத்தாத கெட்டியான நுரைப் பலகை) விரியுங்கள். ஓரங்குலமே அந்த 1.2 வரம்புக்குக் கீழே கொண்டுவந்துவிடும்; இரண்டங்குலம் போட முடிந்தால் இன்னும் நல்லது. அதற்கு மேல், தண்ணீர் ஓட வாட்டம் பார்த்து, ‘சுர்க்கி’ எனும் செங்கல்-சுண்ணாம்புக் கலவை, கடைசியாக வெள்ளை டைல்ஸ். வெப்பத்தடுப்பு எப்போதும் தளத்துக்கு மேலேதான் இருக்க வேண்டும். உள்ளே ஃபால்ஸ் சீலிங் போட்டால் தளம் சூடாவதை அது தடுக்காது. பலகைகளின் மூட்டுகளில் இடைவெளி விடாமல் ஒட்டுகிறார்களா என்று நீங்களே மாடியில் நின்று பாருங்கள். இதை மட்டும் யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். எக்ஸ்.பி.எஸ்.ஸுக்குப் பணம் இல்லையென்றால் தட்டோடு பதித்து ஆண்டுதோறும் வெள்ளை சுண்ணாம்பு அடியுங்கள். சும்மா விடுவதற்கு அது எவ்வளவோ மேல்.

அடுத்தது மேற்குச் சுவர். மாடிப்படி, குளியலறை, பொருள் வைக்கும் அறை ஆகியவற்றை அந்தப் பக்கம் தள்ளுங்கள், படுக்கையறை வேண்டாம். வடக்கு ஜன்னலுக்கு சன்ஷேடு வேண்டாம் என்று உங்கள் வரைபடத்தில் போட்டிருக்கிறார்கள். அதைத் திருத்துங்கள். மதுரை நிலநடுக்கோட்டுக்குப் பத்து டிகிரிக்குள் இருக்கிறது. சித்திரை முதல் வாரத்தில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்து, பிறகு வடக்கே நகர்ந்து, ஆவணியில்தான் திரும்புகிறது. உச்சி வெயில் காலத்தில் வெயில் வடக்கிலிருந்தே விழும்.

ஜன்னல்: நம்மைப் போன்ற வெப்பமும் ஈரப்பதமும் உள்ள பகுதிக்கு, திறக்கக்கூடிய பரப்பு தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு வேண்டும் என்கிறது அந்த நெறி. அதை ஒரு படுக்கையறைக்குப் பொருத்திப் பாருங்கள். 120 சதுர அடி அறைக்கு 20 சதுர அடி. நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கும் நான்குக்கு நான்கு ஸ்லைடிங் ஜன்னல் பாதிதான் திறக்கும், அதாவது எட்டு சதுர அடி. மூன்றுக்கு நான்கு அளவில், கதவுபோல் முழுதும் திறக்கும் ஜன்னல் இரண்டை எதிரெதிரே அல்லது பக்கத்துச் சுவர்களில் வையுங்கள்.

ஃபேன்: பழைய வகை 75 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி. என்ற புதுவகை மோட்டார் உள்ளது 30 வாட். நான்கு ஃபேன், நாளுக்குப் பதினைந்து மணி நேரம் என்றால் இரண்டு மாதத்தில் 160 யூனிட் மிச்சம்.

இதெல்லாம் முடிந்த பிறகு மேஸ்திரி சொல்லும் சோலாருக்கு வாருங்கள். அப்போது பாதி அளவு பேனலே போதும் என்று உங்களுக்கே தெரியும்.

*

எங்களுக்கு இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஆகிறது. ஆயிரம் சதுர அடி வீடு. எத்தனை கிலோவாட் போட்டால் பூஜ்ஜியம் ஆகும்? தண்ணீர்த் தொட்டி கன்னி மூலையில் இருக்கிறது, அதை மாற்ற வீட்டில் சம்மதிக்க மாட்டார்கள்.
வாசகி, ஒத்தக்கடை

ஆண்டுக்கு 3,000 யூனிட். ஒரு கிலோவாட் பேனல் சராசரியாக நாளுக்கு நான்கு யூனிட் தரும் என்று வைத்துக்கொண்டால் இரண்டு கிலோவாட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தேவை. அழுக்கு, நிழல், பேனலின் வயது எல்லாவற்றையும் சேர்த்து மூன்று கிலோவாட் போடுங்கள். முந்நூறு சதுர அடி இடம் பிடிக்கும். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாயும் மூன்றாவதற்கு 18,000 ரூபாயுமாக மொத்தம் 78,000 ரூபாய் மானியம் உண்டு.

தொட்டியை மாற்ற வேண்டாம். அதன் நிழலைத்தான் கவனிக்க வேண்டும். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். பிற்பகல் மூன்று மணி வாக்கில் எட்டடி உயரத் தொட்டியின் நிழல் வடகிழக்காகப் பதினோரு அடிக்கு மேல் நீளும். பேனலின் ஒரு மூலையில் நிழல் விழுந்தாலும் அதனுடன் தொடராக இணைந்த மற்றவற்றின் உற்பத்தியும் படுத்துவிடும். ஆகவே மாடியின் கிழக்கு விளிம்பை ஒட்டி, தொட்டியிலிருந்து அந்தத் தூரம் தள்ளி, தெற்கு நோக்கிப் பத்து டிகிரி சாய்வில் வைக்கச் சொல்லுங்கள். ஏழடி உயரத்தில் சட்டம் அமைத்தால் கீழே வடகம் காயவைக்க இடமில்லாவிட்டாலும் துணி உலர்த்தலாம். தளத்துக்கும் நிழல் கிடைக்கும்.

ஒரு விஷயம் முன்பே தெரிந்திருக்கட்டும்: பேட்டரி இல்லாமல் மின்வாரியக் கம்பியோடு இணைத்த சோலார், மின்தடையின்போது வேலை செய்யாது. கம்பியில் வேலை பார்ப்பவரின் உயிரைக் காக்க அது தானாக நின்றுவிடும். ‘சோலார் போட்டும் கரண்ட் இல்லையே’ என்று எனக்குக் கடிதம் எழுதுபவர்கள் பலர்.

*

செல்லூரில் தகரக் கூரைக்குக் கீழ் தறி ஓட்டுகிறோம். ஒரு ஃபேனும் இரண்டு டியூப்லைட்டும்தான். உங்கள் பூஜ்ஜிய வீடெல்லாம் பணக்காரர் பேச்சு. எங்களுக்கும் விதி போட்டால் வீடே கட்ட முடியாது.
நெசவாளர், செல்லூர்

உங்கள் கோபம் நியாயம் அண்ணே. உலகத்தைச் சூடாக்கியதில் உங்கள் வீட்டுக்கு ஏறக்குறையப் பங்கே இல்லை. சூட்டில் வேகுவது மட்டும் நீங்கள்தான். விதி வந்தால் அது பன்னிரண்டு சென்டிலும் ஐந்து ஏ.சி.யிலும் தொடங்க வேண்டும், உங்கள் வாசலில் அல்ல. உங்கள் பக்கம் வர வேண்டியது உதவி.

அரசு பணம் கொடுத்துக் கட்டும் வீடுகளில் அது உடனே தொடங்கலாம். கலைஞர் கனவு இல்லத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் தருகிறார்கள். அதில் 300 சதுர அடி கான்கிரீட் தளம். அந்த 300 சதுர அடிக்கும் வெப்பத்தடுப்பு அடுக்குக்கென்று தனியே ஒரு தொகையைச் சேர்த்துத் தர வேண்டும் என்று நான் ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்கிறேன், கேட்டுக்கொண்டே இருப்பேன். பயனாளியின் கையிலிருந்து அது போகக்கூடாது.

உங்கள் தறிக்கூடத்துக்கு இப்போதைக்கு: தகரத்தின் மேல்பக்கம் துரு சுரண்டிவிட்டு வெப்பம் திருப்பும் வெள்ளைப் பூச்சு இரண்டு கோட் அடியுங்கள். கூரையின் உச்சியில் சூடான காற்று வெளியேற இடைவெளி இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் திறந்துவிடுங்கள், மழை நுழையாமல் மேலே ஒரு சிறு தொப்பி போதும். பூச்சைக் காலையில் அடித்தால் அன்று பிற்பகலே வித்தியாசம் தெரியும். கூடத்தின் நீளம், அகலம், உயரம் எழுதி அனுப்புங்கள், எவ்வளவு பூச்சு வேண்டும் என்று கணக்குப் போட்டுத் தருகிறேன்.

*

விதி போட்டால் மட்டும் நடந்துவிடுமா? மழைநீர் சேகரிப்பு என்ன ஆயிற்று?
வங்கி ஊழியர், திருநகர்

இந்தக் கடிதத்தைப் பல முறை படித்தேன். மெர்ட்டன் மன்றம் பத்து சதவீத விதி போட்ட அதே 2003-ல்தான், தமிழ்நாடு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. பழைய வீடுகளுக்கும் சேர்த்து. அன்று நடந்ததை நான் பார்த்தேன்: தெருவெல்லாம் பள்ளம் தோண்டினார்கள், ஜல்லி கொட்டினார்கள், பல வீடுகளின் கிணற்றில் தண்ணீர் ஏறியது. விதி வேலை செய்யும் என்பதற்கு எனக்கு அதுதான் சாட்சி.

பிறகு பார்ப்பவர் இல்லாமல் போனது. இப்போது புது வீட்டுக்குப் போனால் சுவரில் நீலக் குழாய் இறங்குகிறது, தரையருகே முழங்கை வளைந்து நிற்கிறது, அதற்குக் கீழே குழியே இல்லை. வரைபடத்தில் குழி இருக்கிறது. மழை பெய்தால் தண்ணீர் வாசல் வழியே சாக்கடைக்குப் போகிறது.

ஆகவே நிகர பூஜ்ஜிய விதி நம் ஊருக்கு வரும்போது, கட்டி முடித்தபின் அளப்பதும் அதிலேயே இருக்க வேண்டும். 2024 ஜூலை முதல், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீட்டுக்கு இணையத்தில் சுயசான்று கொடுத்து உடனே அனுமதி பெறலாம். மக்களுக்குப் பெரிய வசதி. லஞ்சத்துக்கும் அலைச்சலுக்கும் இடம் குறைந்தது. அந்த விண்ணப்பத்திலேயே ‘கூரைக்கு என்ன அடுக்கு?’ என்று ஒரு கேள்வியைச் சேர்க்கலாம். வேலை நடக்கும்போது எடுத்த மூன்று புகைப்படங்களை, இடமும் தேதியும் பதிவாகும்படி, வீட்டுவரி போடும் நேரத்தில் கேட்கலாம். நூற்றில் ஐந்து வீட்டுக்காவது ஆள் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். இதற்குப் புதிய துறை எதுவும் தேவையில்லை.

*

கே.கே. நகரில் ஐந்து மாடி அடுக்ககத்தில் இருக்கிறோம். இருபது வீடுகள். நாங்களும் பூஜ்ஜியம் ஆக முடியுமா?
அடுக்ககச் சங்கச் செயலாளர்

முழுதாக முடியாது. 4,000 சதுர அடி மாடியில் தொட்டி, லிஃப்ட் அறை போகப் பாதி கிடைத்தாலும் இருபது கிலோவாட்தான், வீட்டுக்கு ஒன்று. இரண்டு மாதத்தில் வீட்டுக்கு 240 யூனிட் அளவுக்கு ஈடுகட்டலாம். லிஃப்ட், மோட்டார், படிக்கட்டு விளக்கு ஆகிய பொது இணைப்பிலிருந்து தொடங்குங்கள், சண்டை வராது. மேல்மாடி நான்கு வீட்டுக்காரர்கள் கூரைச் செலவு முழுதும் தங்கள் தலையில் என்று ஒதுங்கக்கூடும். கூரை இருபது வீட்டுக்கும் பொது. செலவும் பொது என்று தீர்மானத்தில் எழுதுங்கள்.

*

உசிலம்பட்டி பக்கம் தாத்தா கட்டிய மண்சுவர் வீடு, நாட்டு ஓடு, நடுவில் முற்றம். இடித்துவிட்டுப் புதிதாகப் பூஜ்ஜிய வீடு கட்டலாம் என்கிறார் அண்ணன். எனக்கு மனம் வரவில்லை அக்கா.
கல்லூரி மாணவி

இடிக்காதேம்மா. அண்ணனிடம் இந்தக் கணக்கைக் காட்டு. இதுவரை நான் எழுதியதெல்லாம் குடிவந்த பிறகு ஆகும் மின்சாரம். கட்டும்போதே ஆகும் கரி தனி. சிமென்ட் என்பது சுண்ணாம்புக்கல்லைச் சுட்டு எடுப்பது. எரிக்கும் நிலக்கரியின் புகை போக, கல்லே கரியமில வாயுவை வெளியிடும். கம்பியும் சூளைச் செங்கலும் அப்படித்தான். அந்தச் செலவை உங்கள் தாத்தாவின் வீடு செய்யவே இல்லை. இடித்துவிட்டுக் கான்கிரீட்டில் கட்டினால், கூரையில் எத்தனை பேனல் வைத்தாலும் முதல் சில ஆண்டுகள் அந்தக் கடனை அடைப்பதிலேயே போகும்.

ஒன்றரை அடி மண்சுவர் பகல் சூட்டை வாங்கி மெதுவாகத்தான் உள்ளே விடும், முற்றம் இரவில் அதை வானத்துக்கு அனுப்பிவிடும். முதலில் பார்க்க வேண்டியது சுவரின் அடிப்பகுதி: தரையிலிருந்து இரண்டடி வரை ஈரம் ஏறி மண் உதிர்கிறதா? ஆம் என்றால் அதைச் சிமென்டால் பூசவே கூடாது, ஈரம் உள்ளே சிக்கிச் சுவரை அரித்துவிடும். சுண்ணாம்புக் கலவையால் பூசி, வெளியே தண்ணீர் தேங்காமல் மண்ணைச் சரிவாக்குங்கள். அடுத்தது மரம். உத்திரங்களின் இரண்டு முனைகளையும், சுவருக்குள் நுழையும் இடத்தில், ஓர் ஆணியால் குத்திப் பாருங்கள். உளுத்திருந்தால் ஆணி இறங்கும். அந்த உத்திரத்தை மட்டும் மாற்றினால் போதும். ஓட்டைப் பிரித்து உடைந்தவற்றை நீக்கி மறுபடி வேயும் வேலையை ஐப்பசி மழைக்கு முன் முடித்துவிடுங்கள்.

கூடுதலாக இரண்டு அறை வேண்டும் என்றால் பின்கட்டில், பழைய சுவரைத் தொடாமல் தனி அஸ்திவாரத்தில் கட்டலாம். அதன் தட்டைத் தளத்தில் பேனல் வைத்தால் மொத்த வீட்டுக்கும் போதும். வீட்டின் நான்கு பக்கமும், உத்திர முனைகளும் தெரியும்படி படம் எடுத்து அனுப்பு. அண்ணனையும் அடுத்த கடிதத்தில் கையெழுத்துப் போடச் சொல்.